பல்லுக்குக் கம்பி போட்டால் நாக்கு ஏன் புண்ணாகிறது?



போன மாதம் ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி தண்ணீர்க் குழாய்கிட்ட என்னை நிறுத்தி, "அக்கா, எனக்கும் பல்லுக்குக் கம்பி போடணும்னு சொல்லிட்டாங்க. ரொம்ப வலிக்குமா?" என்று கேட்டாள். பெல் அடித்துவிட்டது. "வலிக்கும், ஆனா போயிடும்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன். அது பாதிப் பதில்தான். தானாகப் போகிற வலியும் இருக்கு, போகாத வலியும் இருக்கு. மீதிப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு எத்துப்பல். மேல் உதடு மூடாது. பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு சீட்டு எழுதிக் கொடுத்ததால், சிதம்பரம் அண்ணாமலைநகரில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். போன பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னாடி கம்பி போட்டார்கள். ஒவ்வொரு பல்லின் மேலும் ஒரு சின்ன உலோகத் துண்டை ஒட்டி, அவற்றைக் கோர்த்து ஒரு கம்பி. கடைவாய்ப் பல்லைச் சுற்றி மட்டும் மோதிரம் மாதிரி ஒரு பட்டை. போடும்போது வலிக்கவே இல்லை! "இவ்வளவுதானா" என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன். ராத்திரிதான் தெரிந்தது. இட்லியைக் கடித்தால்கூட எல்லாப் பல்லும் சேர்ந்து வலித்தது.

இது முதல் வகை வலி. பல் என்பது எலும்பில் ஆணி அடித்த மாதிரி இறுகி நிற்பது இல்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவில் நார் போல ஒரு மெல்லிய திசு இருக்கு. அதன் தடிமன் சுமார் 0.2 மி.மீ. தான். கம்பி இழுக்கும்போது ஒரு பக்கம் அந்தத் திசு நசுங்கும், மறுபக்கம் இழுபடும். நசுங்கும் பக்கம் எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலை செய்யும், இழுபடும் பக்கம் புது எலும்பு கட்டும் செல்கள் வேலை செய்யும். இப்படியே பல் மாதத்துக்குச் சுமார் 1 மி.மீ. நகரும். வீடு இடித்துக் கட்டும் வேலை வாய்க்குள்ளேயே நடக்கிறது, வலிக்காமல் என்ன செய்யும்? கம்பி போட்ட சில மணி நேரத்தில் இந்த வலி ஆரம்பித்து, மறுநாள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். டாக்டர் எழுதிக் கொடுத்த பாராசிட்டமால் மாத்திரை இரண்டு நாள் போட்டேன், போதும் போதும் என்று ஆகிவிட்டது. மாத்திரையை விழுங்கத்தான் வேண்டும். சிலர் வலிக்கிற இடத்திலேயே மாத்திரையை வைத்து அடக்கிக்கொள்வார்கள். அப்படிச் செய்தால் ஈறு வெந்து இன்னொரு புண் வரும்.

இரண்டாவது வகை உரசல் புண். உதடு, கன்னம், நாக்கு இவற்றின் தோல் ரொம்ப மெல்லியது. இத்தனை வருஷம் வழவழப்பான பல்லில் உரசிப் பழகியது, திடீரென்று இரும்பில் உரசுகிறது. புதுச் செருப்பு கடிக்கிற மாதிரிதான். மூன்றாம் நாள் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் புண் வந்தது. நாக்கு வேறு சும்மா இருக்காது. "அங்கே என்ன, இங்கே என்ன" என்று தடவிக்கொண்டே இருக்கும். கடைவாய்ப் பட்டையில் பட்டுப் பட்டு அதன் ஓரமும் சிவந்துவிட்டது.

இதற்கு மருத்துவமனையில் ஒரு சின்ன டப்பாவில் மெழுகு கொடுப்பார்கள். பட்டாணி அளவு கிள்ளி உருட்டி, உரசுகிற உலோகத்தின் மேல் வைத்து அழுத்த வேண்டும். அதற்கு முன் அந்த இடத்தைச் சுத்தமான துணியால் ஈரம் போகத் துடைக்கணும். இதைச் செய்யாததால் எனக்கு முதல் நாள் நாலு உருண்டை கழன்று விழுந்தது. தெரியாமல் கொஞ்சம் விழுங்கிவிட்டாலும் பயமில்லை. மெழுகு தீர்ந்ததும் நான் கரண்ட் போனால் ஏற்றுகிற மெழுகுவர்த்தியைச் சுரண்டி ஒட்டினேன். பிறகு டாக்டரிடம் நன்றாகத் திட்டு வாங்கினேன். அது வாயில் வைக்கச் செய்த மெழுகு இல்லை.

அடுத்தது உப்புத் தண்ணீர். எங்க ஆயா ஒரு கைப்பிடி கல் உப்பைப் போட்டுக் கொடுத்தாங்க. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது! ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு அரை டீஸ்பூன் போதும். அரை நிமிஷம் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். அறிவியலில் படித்தோமே சவ்வூடு பரவல், அதுதான் இங்கேயும். உப்பு நீர் வீங்கிய இடத்தில் தேங்கிய நீரைக் கொஞ்சம் வெளியே இழுக்கும். ஒட்டிக்கொண்டிருக்கும் சோற்றுப் பருக்கையும் வந்துவிடும். ஆயா செய்த மணத்தக்காளிக் கீரையும் பானைத் தண்ணீரும் நன்றாகவே இருந்தன. குளிர்ந்த தண்ணீர் ஏன் சுகமாக இருக்கிறது என்று டாக்டரிடம் கேட்டேன். என் பல்லில் இருப்பது நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பியாம். குளிர்ச்சியில் அது சற்றுத் தளர்ந்து, சூட்டில் மறுபடி விறைக்குமாம்.

சாப்பாடுதான் பெரிய பாடு. தக்காளி சாதம் போட்ட அன்று ஒரு வாய் வைத்துவிட்டு மூடிவிட்டேன். மிளகாயில் காப்சைசின் என்ற பொருள் இருக்கு. சூட்டை உணரும் நரம்பு முனையை அது ஏமாற்றிவிடும், அதனால்தான் சுடாத சோறும் சுட்ட மாதிரி எரியும். காப்சைசினை வைத்தே அந்த உணர்வியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியனோடு சேர்ந்து 2021-இல் மருத்துவ நோபல் பரிசு வாங்கினார். காப்சைசின் தண்ணீரில் கரையாது. அதனால் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாலும் எரிச்சல் போகாது. பால், தயிர், மோரில் உள்ள புரதம் அதைப் பிடித்து நீக்கும். சத்துணவு அக்காவிடம் சொன்னேன். அன்று முதல் என் முட்டையில் மட்டும் மிளகுத் தூள் போடவில்லை. வீட்டில் குழைந்த தயிர்சாதம், கேழ்வரகுக் கூழ், பாலில் ஊறிய இட்லி. முறுக்கு, கடலை மிட்டாய், உப்பு மிளகாய் தொட்ட மாங்காய் எல்லாவற்றையும் பார்த்துப் பெருமூச்சு விட்டதோடு சரி.

கரும்பை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. பொங்கல் அன்று யாருக்கும் தெரியாமல் கொல்லைப் பக்கம் போய் ஒரு கணு கடித்தேன். கடைவாய்ப் பட்டை லேசாகக் கிளம்பிவிட்டது. அதன் ஓரம் பிளேடு மாதிரி நாக்கை அறுக்க ஆரம்பித்தது.

நான் சொல்லவில்லை. கரும்பு தின்றதுக்குத் திட்டு விழும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, சிதம்பரம் போனால் அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு நாள் போயிருந்தது. அதனால் ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டே இருந்தேன். வலிக்குது என்று பல் தேய்ப்பதையும் விட்டேன். ஈறு வீங்கி ரத்தம் வந்தது. குடியரசு தினத்துக்குக் குறள் ஒப்பித்தலில் என் பெயர் இருந்தது. ட, ண, ள, ழ சொல்ல நாக்கு மடிய வேண்டும், மடிந்தால் புண் பட்டையில் உரசும். ஐயா முன்னாடி சொல்லிக் காட்டும்போது இரண்டாவது குறளிலேயே நின்றுவிட்டேன். என் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து "கம்பியே வேணாம், கழட்டிடுங்க" என்று அழுதேன். அப்பா வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் கூட்டிப் போனார்.

டாக்டர் அக்கா பட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி ஒட்ட இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. "இதுக்கா பாப்பா ஒன்பது நாள் பொறுத்துக்கிட்டிருந்தே?" என்று கேட்டாங்க. புண்ணைவிடப் பல் தேய்க்காததுக்குத்தான் அதிகம் கோபப்பட்டாங்க. கம்பியைச் சுற்றி அழுக்குப் படிந்தால் பல்லில் வெள்ளைத் தழும்பு விழுமாம், கம்பியை எடுத்த பிறகும் அது போகாதாம். புண் இருந்தாலும் மென்மையான பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தே ஆகணும்.

தங்கைக்கு நான் சொல்ல விட்டுப்போனது இதுதான். பல் வலியும் சாதாரண உரசலும் ஒன்றிரண்டு வாரத்தில் பழகிவிடும். ஆனால் கம்பி குத்தினாலோ, பட்டை ஆடினாலோ, துண்டு கழன்றாலோ அது பழகாது. அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடு. காய்ச்சலோ சீழோ வந்தாலும், புண் இரண்டு வாரம் தாண்டி ஆறாவிட்டாலும் அப்படியே. போகிற நாளில் அப்பாவுக்கு வேலை போகும்தான். எங்க அப்பா வரும் வழியில், "மொத நாளே சொல்லியிருந்தா உனக்கு ஒன்பது நாள் மிச்சம்மா" என்று மட்டும் சொன்னார்.

பட்டை சரியான பத்து நாளில் நாக்கு ஆறிவிட்டது. ஜூலை 15, காமராசர் பிறந்த நாளன்று மேடையில் பேசினேன், ழகரம் ஒன்றுகூட வழுக்கவில்லை. இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் கம்பி இருக்கும். மெழுகு டப்பா என் ஜாமெட்ரி பாக்ஸில்தான் இருக்கு. எப்படி உருட்டி ஒட்டுவது என்று பார்க்க வேண்டுமானால் சாப்பாட்டு பெல் அடித்ததும் ஒன்பதாம் வகுப்புக்கு வா.