சுடரை அறிதலே முதற்பாடம்

பெங்களூரு மாநகரின் ஸ்ரீராம்புரம், ஆலைத் தொழிலாளரும் தமிழ்க் குடும்பங்களும் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பகுதியாகும். ராஜாஜிநகர் தொழிற்பகுதி அதற்கு அருகிலும், பீன்யா தொழிற்பேட்டை வடமேற்கிலும் உள்ளன. இத்தகைய பகுதிகளில் இளைஞர் வெல்டிங் தொழிலைக் கற்க இரு வழிகள் உண்டு. ஒன்று தொழிற்பயிற்சி நிலையம். எட்டாம் வகுப்புத் தேறியவர் அங்கு ஓராண்டுப் பயிற்சி பெறலாம். மற்றொன்று பட்டறை, உதவியாளாகச் சேர்பவர் பார்த்துப் பழகுகிறார். பட்டறையில் கைத்திறன் வளரும். ஆயினும், காரணம் அறியாத கை விபத்தை முன்னறியாது.

பிரான்சு நாட்டின் ஃபூஷே, பிக்கார் ஆகியோர் 1903ஆம் ஆண்டளவில் ஆக்சி-அசிட்டிலீன் ஊதுகுழலை உருவாக்கினர். அதன் சுடர் ஏறத்தாழ 3,100 பாகை செல்சியசு வெப்பம் தருவது. இரும்போ 1,538 பாகையில் உருகிவிடும். இவ்வாற்றலே இத்தொழிலின் பயன், அபாயமும் அதுவே.

வாயுக்களின் இயல்பு

அசிட்டிலீனைத் தனியே மிகுதியாக அழுத்தினால், காற்றின் துணையின்றியே வெடிக்கக்கூடும். ஆதலால் உருளையினுள் நுண்துளைப் பொருளை நிரப்பி, அதில் ஊறிய அசிட்டோன் திரவத்தில் அவ்வாயுவைக் கரைத்து வைக்கின்றனர். திரவம் வெளியேறாதிருக்க, உருளையை நிமிர்த்தியே வைத்தல் வேண்டும். குழாயில் செல்லும் அசிட்டிலீனின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோகிராமை மிஞ்சலாகாது. ஆக்சிஜன் தானே எரிவதன்று. எனினும் உயர் அழுத்தத்தில் அது எண்ணெயோடு சேரின் தீப்பற்றும். எண்ணெய் படிந்த கையால் அதன் வால்வைத் தொடுதல் கூடாது. இரு குழாய்களும் இடம் மாறாதிருக்கவே, அசிட்டிலீன் இணைப்புகளுக்கு இடப்புற மரை அமைத்துள்ளனர். கசிவைச் சோப்பு நீரால் காண வேண்டும். தீக்குச்சியால் காண முயலலாகாது.

மூவகைச் சுடர்

கறுப்புக் கண்ணாடி அணிந்தபின், முதலில் அசிட்டிலீனைச் சிறிது திறந்து பற்றவைத்து, பிறகு ஆக்சிஜனைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். உட்கூம்பைச் சுற்றி வெண்ணிறச் சிறகு தோன்றினால், அது அசிட்டிலீன் மிகுந்த சுடர். சிறகு மறைந்து, உட்கூம்பு தெளிவாக நிற்பது நடுநிலைச் சுடர். மென்எஃகுக்கு இதுவே ஏற்றது. உட்கூம்பு குறுகிக் கூர்மையாகிச் சீறுவது ஆக்சிஜன் மிகுந்த சுடர். அது பித்தளைக்குப் பயன்படும். அதனை எஃகில் செலுத்தினால், இணைப்பு வெளியில் நன்றெனத் தோன்றினும் வலுவிழந்துவிடும்.

முதற் பயிற்சி

தொடக்கத்தில் நிரப்புக் கம்பியின்றி, மெல்லிய தகட்டின்மேல் வரியிடப் பழகுதல் நன்று. உட்கூம்பின் முனை தகட்டைத் தொடாது 2 முதல் 3 மில்லிமீட்டர் விலகி நிற்க, வலமிருந்து இடமாகச் சீராக நகர்த்த வேண்டும். உருகிய உலோகக் குட்டையின் அகலம் மாறாதிருப்பதே கை பழகியதன் அடையாளம். குட்டை அகன்றால் நகர்வு மெதுவானது, சுருங்கினால் விரைவானது. இது கைவந்த பின்னரே கம்பியைச் சேர்த்தல் வேண்டும்.

பட்டறையில் கற்றவரின் திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏற்பாடு, 2015இல் தொடங்கிய பிரதான் மந்திரி கௌஷல் விகாஸ் யோஜனாவில் இடம்பெற்றது. சான்றிதழ் வேலைவாய்ப்பை விரிவாக்கும். ஆனால் கண்ணையும் உயிரையும் காப்பது, உருளையைத் திறக்குமுன் அதன் இயல்பை அறிந்திருப்பதேயாகும். பட்டறை இளைஞர் ஒவ்வொருவருக்கும் இவ்வறிவைக் கொண்டு சேர்ப்பது பயிற்சி அலுவலரின் கடமை.