மறுசுழற்சி டி-ஷர்ட் வாங்கலாமா?

கேள்வி: மறுசுழற்சி நூலில் செய்த டி-ஷர்ட் என்று கடைகளில் விற்கிறார்களே, அது உழைக்குமா? சுற்றுச்சூழலுக்கு உண்மையிலேயே நல்லதா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: நல்லதுதான், ஆனால் விவரம் கேட்டு வாங்குங்கள்.

திருப்பூரில் பனியன் துணி வெட்டும்போது விழும் துண்டுகளுக்குக் ‘கட்டிங் வேஸ்ட்’ என்று பெயர். அவற்றை நிறவாரியாகப் பிரித்து, இயந்திரத்தில் கிழித்துப் பஞ்சாக்கி, ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்களில் மீண்டும் நூலாக்குகிறார்கள். பழைய துணியின் நிறமே நூலிலும் தங்குவதால் புதிதாகச் சாயம் போடும் தேவை குறைகிறது. பெரிய நன்மை இதுதான். சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதை நாம் மறக்கக் கூடாது.

கிழிக்கும்போது இழை குட்டையாகிவிடும். வலுவுக்காகப் புதுப் பஞ்சோ பாலியஸ்டரோ கலப்பார்கள். கலவை சரியாக இருந்தால் சட்டை நன்றாக உழைக்கும். பாலியஸ்டர் துணி துவைக்கும்போது பிளாஸ்டிக் நுண்ணிழைகளை உதிர்க்கும். எனவே பருத்தி அதிகமுள்ளதையே தேர்ந்தெடுங்கள். லேபிளில் சதவீதம் இல்லையென்றால் கேளுங்கள். தைத்தவருக்கு நியாயமான கூலி கிடைத்ததா என்பதையும் விசாரியுங்கள்; அது இல்லாமல் அறம் முழுமையாகாது.

எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டிலிருக்கும் சட்டையின் கிழிசலைத் தைத்துப் போடுங்கள். தேவை வந்தால் மட்டும் புதிது வாங்குங்கள்.