பழைய லாரிக்கு எழுத்து: கையோடு கண்ணும் வேண்டும்

ஸ்டிக்கர் கட்டிங் வந்த பிறகு லாரிக்கு எழுதும் பெயின்டர்களுக்கு வேலை குறைந்துவிட்டது. ஆனால், பழைய லாரிகளைச் சீரமைக்கும் சேகரிப்பாளர்களுக்கும், அந்தக் காலக் கதையைப் படமாக்கும் கலை இயக்குநர்களுக்கும் பிரஷ் பிடித்து எழுதும் ஆள் இன்றும் தேவை. இங்கே கை நேர்த்தி மட்டும் போதாது. எந்த ஆண்டுக்கு எந்த எழுத்து என்று தெரிந்தவருக்குத்தான் மதிப்பு.

ஆண்டைப் பிடியுங்கள்

1965-இல் பாடி கட்டிய திருச்செங்கோட்டு லாரி என்று வையுங்கள். முகவரியில் சேலம் மாவட்டம் என்றுதான் வர வேண்டும். நாமக்கல் மாவட்டம் உருவானது 1997-இல். பின்கோடு 1972-இல் வந்தது, ஆகவே எழுதக் கூடாது. சென்னையின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் ‘மெட்ராஸ்’தான்.

தமிழ் எழுத்தில் இன்னும் கவனம் தேவை. எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றது 1978-இல். அதற்கு முன் லை, னை போன்றவை முன்னால் தும்பிக்கைபோல வளைந்த கொம்புடன் எழுதப்பட்டன. றா, னா ஆகியவற்றுக்குத் தனிக் கால் இல்லை. எழுத்தோடு சேர்ந்தே சுழியும். இன்றைய கம்ப்யூட்டர் எழுத்தைப் பிரின்ட் எடுத்து வரைந்தால், விஷயம் தெரிந்தவர் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். அந்தக் காலக் கல்யாணப் பத்திரிகை, சினிமா நோட்டீஸ், வார இதழ் விளம்பரங்களைச் சேர்த்து வையுங்கள். அவைதான் உங்கள் பாடப் புத்தகம்.

சுரண்டுவதற்கு முன்

இருட்டிய பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். பகலில் தெரியாத எழுத்தின் மேடு அப்போது தெரியும். அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுத்து, டிரேசிங் பேப்பரில் நகலெடுங்கள். பிறகு ஓர் உள்ளங்கை அகலத்தில் மட்டும் 1000 நம்பர் வாட்டர் பேப்பரால் மெல்லத் தேயுங்கள். அடுக்கடுக்காகப் பழைய நிறங்கள் வெளிவரும். வெயில் படாத கீலுக்கு அடியிலும் நம்பர் பிளேட்டுக்குப் பின்னாலும் அசல் நிறம் மங்காமல் இருக்கும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்க்காதீர்கள், மாஸ்க் இல்லாமல் தொடாதீர்கள்.

எழுதும்போது

நகலின் கோடு நெடுக ஊசியால் துளையிட்டு, கரித்தூள் கட்டிய துணியால் தட்டினால் பலகையில் புள்ளிகள் பதியும். ஓரத்தில் சாக்பீஸ் தடவிய நூல் அடித்து வரி பிடியுங்கள். நுனியில் துணி சுற்றிய குச்சியை இடக்கையில் பிடித்து, வலது மணிக்கட்டை அதன்மேல் சாய்த்தால் நீண்ட கோடும் நடுங்காது. நிழலையும் அவுட்லைனையும் எழுத்து நன்றாகக் காய்ந்த பிறகே போடுங்கள். பூ, மயில், தாமரை வரையும்போது பழைய பெயின்டரின் கோணலையும் அப்படியே கொண்டுவாருங்கள். அழகுபடுத்துவது உங்கள் வேலையல்ல.

கூலி பேசும்போது

ஆதாரம் தேடும் வேலைக்கு ஒரு தொகை, எழுதும் வேலைக்கு ஒரு தொகை என்று பிரித்துச் சொல்லுங்கள். மாதிரிப் பலகையைக் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே லாரியைத் தொடுங்கள். முன்பணம் வாங்குங்கள், பேசியதை எழுதிக்கொள்ளுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள்தான் அடுத்த வாடிக்கையாளரிடம் உங்களுக்காகப் பேசும்.

பாதிக்கு மேல் படிக்க முடிகிற எழுத்தாக இருந்தால், அழுக்கைத் துடைத்துவிட்டு விடுபட்ட இடத்தை மட்டும் நிரப்பலாம் என்று உரிமையாளரிடம் சொல்லுங்கள். அன்றைக்குக் கூலி குறையும்தான். ஆனால், அழிக்க வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த பெயின்டரை நம்பித்தான் அடுத்த லாரியையும் ஒப்படைப்பார்கள்.