மடக்குக்கத்தி கேட்ட மருமகனுக்கு

அன்புள்ள மருமகனே,

கேள்வி நல்ல கேள்விதான். இரண்டாயிரம், மிஞ்சினால் மூவாயிரம் ரூபாய்க்குள் ஒரு மடக்குக்கத்தி. வீட்டுக்கும் ஆக வேண்டும், வெளியே போனாலும் உதவ வேண்டும், ‘நல்லா ஹெவியா’ இருக்க வேண்டும். கூடவே அனுப்பிய படங்களைப் பார்த்துத்தான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நாலும் கறுப்பு. நாலுக்கும் முதுகில் ரம்பப் பல். ஒன்றில் கார்க் கண்ணாடி உடைக்கிற கூம்பு வேறு. எந்தக் கண்ணாடியை உடைக்கப் போகிறாய் ராசா? வலியசாலையில் இருந்துகொண்டு நீ அறுக்கப்போவது வாழையிலை, கயிறு, அட்டைப்பெட்டி, மாங்காய், எப்போதாவது ஒரு சக்கை (பலா).

மடக்குக்கத்தி என்றாலே நடுவில் துண்டாக்கி ஆணி போட்டுச் சேர்த்த கத்தி. அதன் பலமெல்லாம் அந்த ஆணியிலும் லாக்கிலும்தான். அலகை 4 மில்லிமீட்டர் தடியாக்கிவிட்டால் ஆணி பலப்பட்டுவிடாது. தடித்த அலகு மாங்காய்க்குள் பாதி இறங்கியதும் ஆப்பு அடித்த மாதிரி நின்றுவிடும். நீ விடாமல் அழுத்துவாய், கை வழுக்கும், விரலில் இறங்கும். 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமன், 8 அல்லது 9 சென்டிமீட்டர் நீளம் உனக்குத் தாராளம்.

“அப்போ இளநீர் எப்படி வெட்டுவது மாமா?” என்று கேட்பாய். வெட்டுக்கத்தியால்தான், வேறெதனால்? லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து நம் கொல்லர்கள் செய்கிற வெட்டுக்கத்திக்குப் பக்கத்தில் நிற்க எந்த மடக்குக்கத்தியாலும் முடியாது. ஓங்கி விடும்போது அதன் எடையே பாதி வேலையைச் செய்துவிடும். மடக்குக்கத்தியின் எடை பாக்கெட்டைக் கிழிப்பதோடு சரி. ஆற்றுகால் பொங்காலைக்கு உன் அம்மா தெருவில் அடுப்புக் கூட்டும்போது விறகுக்கட்டின் கயிற்றை அறுக்க மடக்குக்கத்தியை எடு. விறகைப் பிளக்க வெட்டுக்கத்தியை எடு. வெல்லம் உடைக்க இரண்டையும் எடுக்காதே, அம்மிக்குழவி இருக்கிறது. கத்தி முனையை வைத்து நெம்புகிற பழக்கம் உனக்கு உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பாதிக் கத்திகள் முனை ஒடிவது அறுத்து அல்ல, நெம்பித்தான்.

சரி, லாக்குக்கு வருவோம். உன் பணமும் கவனமும் இதில்தான் போக வேண்டும். விலை குறைந்த கத்திகளில் அதிகம் இருப்பது லைனர் லாக். பிடிக்குள் ஒரு மெல்லிய தகடு. அலகைத் திறந்ததும் அது பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடிக்கு முட்டுக் கொடுக்கும். 1980களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கர் இதற்கு இன்றைய வடிவம் கொடுத்தார். நல்ல யோசனைதான், ஆனால் செலவை மிச்சம் பிடிக்கிறவர்கள் முதலில் கைவைப்பது அந்தத் தகட்டில்தான். இன்னொன்று பேக் லாக்: முதுகுப் பக்கமாக ஒரு நெம்புகோல் அலகின் பள்ளத்தில் விழுந்து பிடித்துக்கொள்ளும். 1960களில் வந்த பக் 110 என்ற கத்தி இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. உன் பட்ஜெட்டுக்கு நான் சொல்வது பேக் லாக்தான். பள்ளத்தில் மண் அடைத்தால் சரியாக விழாது, அதை மட்டும் பல் குத்தும் குச்சியால் சுத்தம் செய்துகொள்.

பெயர் சொல் என்பாய். பேக் லாக் இல்லையென்றாலும் இரண்டைச் சொல்லலாம். விக்டோரினாக்ஸில் 111 மில்லிமீட்டர் பிடி உள்ள, லாக் வைத்த ரகங்கள் உண்டு. கொஞ்சம் பொறுத்து வாங்கினாலும் நஷ்டமில்லை. பிரான்ஸின் ஓப்பினெல் இன்னொன்று. 1890-ல் ஜோசப் ஓப்பினெல் செய்த கத்தி. கழுத்தில் சுழலும் வளைய லாக் 1955-ல் சேர்ந்தது. மெல்லிய அலகு, அருமையாக அறுக்கும். ஆனால் மரப்பிடி. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் மரம் ஊதி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், திறக்கவே வராது. அதை வாங்கினால் துருப்பிடிக்காத இரும்பில் வருவதை வாங்கி, மழைக்கு முன்பே இணைப்பில் எண்ணெய் விடு.

எதுவானாலும் கையில் எடுத்துப் பார்த்து வாங்கு. ராஜா கேசவதாஸ் திருவிதாங்கூர் திவானாக இருந்த காலத்தில் உண்டான சாலைக் கடைத்தெரு உன் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும்போது, படத்தைப் பார்த்துக் காசு கட்டுவானேன்? கத்தியைத் திற. அலகின் நுனியை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும், பிறகு இடதும் வலதும் ஆட்டு. மேல்கீழாக ஆடினால் லாக் சரியில்லை, கீழே வை. பக்கவாட்டில் மட்டும் ஆடினால் ஸ்க்ரூவை முறுக்கிச் சரிசெய்ய முடியுமா என்று பார். ரிவெட் அடித்திருந்தால் அதையும் விட்டுவிடு. அடுத்து, விரல்களை அலகு மடங்கும் வழியிலிருந்து விலக்கிக்கொண்டு, முதுகை மேசை விளிம்பில் மெதுவாகத் தட்டு. லாக் விலகினால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வா. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும், விரல் உன்னுடையது.

இரும்பு விஷயத்தில் பெட்டியில் அச்சடித்த பெருமையை நம்பாதே. ‘சர்ஜிகல் ஸ்டீல்’ என்றால் ஒன்றும் சொன்னதாகாது. வெறும் ‘440’ என்று போட்டிருந்தாலும் ஏ-யா, பி-யா, சி-யா என்று கேள். சி-யில்தான் கரி அதிகம், கூர் நிற்கும். 8சிஆர்13எம்ஓவி என்று எழுதியிருப்பது இந்த விலைக்கு நியாயமான இரும்பு. டி2 என்ற இரும்பு கூரை நன்றாகத் தாங்கும், ஆனால் முழுத் துருப்பிடிக்காத இரும்பு அல்ல. அதில் குரோமியம் 12 சதவீதம் அளவு இருந்தாலும் அதில் கணிசமான பகுதி கரியோடு சேர்ந்துவிடுகிறது. துருவைத் தடுக்க மிச்சம் குறைவு. கடற்காற்றும் இரண்டு மழைக்காலமும் உள்ள ஊரில், துடைக்காமல் மடக்கி வைக்கிற உனக்கு அது வேண்டாம்.

இனி நீ கோபித்துக்கொள்ளப் போகிற சேதி. அகஸ்தியர்கூடம் மலைக்குப் போக அனுமதி கிடைத்த குஷியில்தான் இந்தக் கத்தி ஆசை வந்ததென்று தெரியும். போணக்காட்டிலிருந்து ஏறும் பாதை வனவிலங்கு சரணாலயத்துக்குள் போகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆவது பிரிவுப்படி, எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதம் கொண்டுபோகக் கூடாது. அந்தச் சட்டம் ஆயுதம் என்பதில் கத்தியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. “இது சின்னதுதான் சார்” என்று வனக்காவலரிடம் வாதாடாதே. கத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போ. தோட்டத்துக்கும் மீன்பிடிக்கப் போகும் இடத்துக்கும் அது துணை வரட்டும். ஆயுதச் சட்ட விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள கத்திகளைப் பற்றிப் பேசுகின்றன. உன்னுடையது அதன் பாதிகூட வராது. என்றாலும் பொத்தானை அழுத்தினால் துள்ளித் திறக்கிற ரகம் வேண்டவே வேண்டாம், அது வீண் விசாரணைக்கு இழுத்துவிடும். விமானத்தில் கைப்பையில் வைக்காதே, செக்-இன் பெட்டியில் போடு.

சக்கை வெட்டும் முன் அலகில் தேங்காய் எண்ணெய் தடவு, பால் ஒட்டாது. இது உன் பாட்டிக்கே தெரியும். ஆனால் ஆணிக்கு அதே எண்ணெயை விடாதே. 24 டிகிரிக்குக் கீழே அது உறைய ஆரம்பிக்கும், பொன்முடி மலைக் குளிரில் கத்தி கெட்டியாகிவிடும். மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் கேட்டு வாங்கி ஒரு சொட்டு விடு. உணவுக்கும் கெடுதல் இல்லை.

கத்தி வாங்கும் அன்றைக்கே இரண்டு பக்கச் சாணைக்கல் ஒன்றும் வாங்கிவிடு. தெருவில் சாணை பிடிக்கிறவரிடம் வெட்டுக்கத்தியைக் கொடு, இதைக் கொடுக்காதே. மெல்லிய வாய் சக்கரத்தில் நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது என்று அர்த்தம், பிறகு கூர் நிற்காது. கல்லை நனைத்து, அலகைச் சுமார் 20 டிகிரி சாய்த்து, ஒரே சாய்வில் தள்ளு. மறுபக்கத்தில் விரலை முதுகிலிருந்து வாய் நோக்கித் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது முழு நீளத்துக்கும் வந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். நாலு இழுப்பு இழுத்துவிட்டு “கல் சரியில்லை மாமா” என்று எழுதாதே. முதலில் அடுக்களையில் கிடக்கும் பழைய கத்தியில் பழகு. அம்மாவின் அரிவாள்மணைப் பக்கம் மட்டும் போய்விடாதே.

அன்புடன்,
மாமா