பப்பாளி – முருங்கைக்கீரைச் சாறு

சூரமங்கலம் உழவர் சந்தைக்குக் காய்கனி கொண்டுசெல்லும் விவசாயிகள், விலைபோகாமல் கனிந்துவிட்ட பப்பாளியை வீணாக்க வேண்டாம். கீரையிலுள்ள இரும்புச்சத்து எளிதில் உடலில் சேராது. பப்பாளியிலுள்ள வைட்டமின் ‘சி’ அதைச் சேரச் செய்யும். எனவே, இரத்தசோகையுள்ள பெண்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது.

நான்கு பேருக்கு, தோலும் விதையும் நீக்கிய பழம் 400 கிராம், உருவிய முருங்கைக்கீரை 2 கைப்பிடி போதும். கீரையைக் கழுவி, கொதிநீரில் 2 நிமிடம் போட்டெடுத்து ஆறவிடவும். காய்ச்சி ஆறிய நீர் 2 டம்ளர், சிறிது வெல்லம் சேர்த்து மிக்சியில் அரைத்து, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, வடிகட்டாமல் உடனே பருகவும்.

பால் சேர்க்கக் கூடாது. ஒரு மணி நேரத்திற்குத் தேநீர், காபியும் கூடாது. இவை இரும்புச்சத்து சேர்வதைக் குறைக்கும். மருத்துவர் தந்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்த வேண்டாம்.