விந்து இழப்பு பயம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கைப்பழக்கம், சொப்பன ஸ்கலிதம், நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக்குறைவு. இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் முகாம். பேருந்து நிலையச் சுவர்களில் இன்றும் இந்த நோட்டீஸைப் பார்க்கலாம். அதைப் படித்துவிட்டு யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கும் இளைஞர்களுக்காகவே இதை எழுதுகிறேன். விந்து போவதால் உடல் உருக்குலைகிறது என்று அஞ்சி, அந்த அச்சத்திலேயே சோர்ந்து, தூக்கம் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் போகும் நிலைக்கு ‘தாத் சிண்ட்ரோம்’ என்று பெயர். பெயரிட்டவர் இந்திய மனநல மருத்துவர் என்.என்.விக், ஆண்டு 1960. இது சமூகத்தின் நம்பிக்கையில் வேர்பிடித்து வளரும் மனநலப் பாதிப்புகளில் ஒன்று.

நம்பிக்கை: நாற்பது துளி ரத்தம் சேர்ந்துதான் ஒரு துளி விந்து உருவாகிறது.

உண்மை: உணவு சாரமாகி, ரத்தமாகி, படிப்படியாக ஏழாவது தாதுவாகச் சுக்கிலம் விளைகிறது என்ற பழைய மருத்துவக் கோட்பாட்டை ஒட்டி வளர்ந்த கணக்கு இது. விந்துத் திரவத்தின் பெரும்பகுதி விந்துப்பைகளிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் சுரப்பது. ஒருமுறை வெளியேறுவது ஏறத்தாழ 2 முதல் 5 மில்லிலிட்டர். அதில் மிகுதியும் தண்ணீர். மற்றபடி கொஞ்சம் சர்க்கரை, புரதம், உப்புகள். விந்தணுக்கள் நாள்தோறும் கோடிக்கணக்கில் புதிதாக உருவாகின்றன. அடக்கி வைப்பதால் பலம் கூடுவதில்லை, வெளியேறுவதால் குறைவதுமில்லை. தூக்கத்தில் வெளியேறுவது பருவ வயதின் இயல்பு.

நம்பிக்கை: சிறுநீர் வெள்ளையாகப் போனால் தாது கரைந்து போகிறது.

உண்மை: நன்றாகச் சாப்பிட்ட பிறகு சிறுநீரில் பாஸ்பேட் உப்பு படிந்து கலங்கலாகத் தெரிவதுண்டு. ஆய்வகத்தில் அந்தச் சிறுநீரைச் சோதனைக் குழாயில் எடுத்துச் சில துளி அசிட்டிக் அமிலம் விட்டால், பாஸ்பேட் கரைந்து கண்ணெதிரே தெளிந்துவிடும். எரிச்சல், சீழ், காய்ச்சல் இருந்தால் அது தொற்றாக இருக்கலாம். உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: இது படிக்காத கீழைநாட்டு மக்களின் நோய்.

உண்மை: சுவிட்சர்லாந்தின் லொசான் நகர மருத்துவர் திஸோ, 1760இல் வெளியிட்ட நூலில், ஓர் அவுன்ஸ் விந்தை இழப்பது நாற்பது அவுன்ஸ் ரத்தத்தை இழப்பதைவிடக் கேடு என்று வாதிட்டார். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ‘ஸ்பெர்மடோரியா’ என்ற பெயரில் படித்த மருத்துவர்களே இதற்குச் சிகிச்சை அளித்தார்கள். இரவில் விந்து வெளியேறாமல் தடுக்க, உட்புறம் முள் வைத்த வளையங்களை உறுப்பில் மாட்டிவிட்டார்கள். மருத்துவ அறிவு மாறியதும் அங்கே அந்த நோயும் மங்கிப்போனது. இங்கே அது இன்னும் விலைபோகிறது.

நம்பிக்கை: எல்லாம் வெறும் பிரமை. கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும்.

உண்மை: காரணம்தான் தவறு, வேதனை மெய். இவர்களில் பலருக்கு மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்தே இருக்கின்றன. இதே பயத்தோடு மணமேடை ஏறுபவருக்கு, பயத்தாலேயே உறவில் தடுமாற்றம் வரலாம். பிறகு அந்தப் பெண்ணும் சேர்ந்து துன்பப்படுகிறாள்.

அப்படியானால் மருந்து எது? சிங்கப்பூரில் 1967இல் நடந்ததைப் பாருங்கள். தடுப்பூசி போட்ட பன்றியின் இறைச்சியைத் தின்றால் ஆணுறுப்பு உள்ளே இழுத்துக்கொண்டு உயிர் போய்விடும் என்று வதந்தி பரவியது. ‘கோரோ’ எனப்படும் அந்த பீதியில் நூற்றுக்கணக்கானோர் உறுப்பைக் கையால் இறுகப் பிடித்தபடி மருத்துவமனைக்கு ஓடினார்கள். இது மனப்பயம், உறுப்பு உள்ளே போகாது என்று மருத்துவர்கள் தொலைக்காட்சியில் தோன்றி விளக்கினார்கள். கூட்டம் வேகமாகக் குறைந்தது.

தாத் சிண்ட்ரோமிலும் முதல் சிகிச்சை இதுதான்: கேலி செய்யாமல் கேட்பது, உடல் இயங்கும் விதத்தைப் பொறுமையாகச் சொல்வது. மனச்சோர்வு இருந்தால் அதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். நேரில் பேசக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற கட்டணமில்லா ‘டெலி மானஸ்’ எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே, பிள்ளைகளுக்கு வயது வரும்போதே இவற்றைச் சொல்லிவிடுங்கள். நாம் வெட்கப்பட்டு வாய்மூடினால், அவர்களுக்குப் பாடம் நடத்த லாட்ஜ் வைத்தியர் காத்திருக்கிறார்.