ஸ்டோரியில் போட்ட ஐடிஆர், அக்கவுண்டில் இருந்து போன 62,000 ரூபாய்: சம்பளக்காரங்க ஷேர் பண்ணக் கூடாத விஷயங்கள்



போன வருஷம் என் கிளையன்ட் ஒருத்தருக்கு நடந்த விஷயத்தை, அவர் அனுமதியோட இன்னைக்குச் சொல்றேன். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆன தம்பி. ஜூலை கடைசியில் அவருக்கு முதல் இன்கம் டேக்ஸ் ரிட்டர்னை நான்தான் ஃபைல் பண்ணிக் கொடுத்தேன். 18,400 ரூபாய் ரீஃபண்ட் வரணும். வேலை முடிஞ்சதும் அக்னாலஜ்மென்ட்டை அனுப்பி வச்சேன். அன்னைக்கு ராத்திரியே அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "என் முதல் ஐடிஆர்" என்று இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் போட்டுட்டார். நானும் பார்த்தேன். சந்தோஷமா ஒரு ஹார்ட் போட்டேன்.

மூணு வாரம் கழிச்சு அவருக்கு ஒரு போன் வந்தது. "இன்கம் டேக்ஸ் ஆபீஸ்ல இருந்து பேசறோம். உங்க ரீஃபண்ட் 18,400 ரூபாய் நிக்குது. அக்கவுண்ட் வெரிஃபை ஆகல."

தம்பி ஏமாளி இல்லை. "நீங்க டிபார்ட்மென்ட்தான்னு நான் எப்படி நம்பறது?" என்று கேட்டிருக்கார். பேசினவன் பதறவே இல்லை. பான் நம்பரைச் சொன்னான். அக்னாலஜ்மென்ட் நம்பரைச் சொன்னான். பிறந்த தேதி, வேலை பார்க்கிற கம்பெனி, சேர்ந்த மாசம் எல்லாத்தையும் வரிசையா ஒப்பிச்சான். அதுக்கு மேல சந்தேகப்பட என்ன இருக்கு? வாட்ஸ்அப்பில் வந்த ஆப்பை இன்ஸ்டால் பண்ணிட்டார். அது மெசேஜ் படிக்க பர்மிஷன் கேட்டது, கொடுத்துட்டார். ஓடிபி எல்லாம் அவன் கைக்குப் போச்சு. ராத்திரிக்குள்ள 62,000 ரூபாய் காலி.

இதெல்லாம் அவனுக்கு எப்படித் தெரிஞ்சது?

"பேங்க்ல இருந்துதான் டேட்டா லீக் ஆகியிருக்கு சார்" என்று அவர் அடிச்சுச் சொன்னார். ரெண்டு பேரும் உட்கார்ந்து அவரோட ப்ரொஃபைலையே வெளி ஆள் மாதிரி தேடிப் பார்த்தோம். 20 நிமிஷம்கூட ஆகலை:

- பான், முகவரி, அக்னாலஜ்மென்ட் நம்பர், ரீஃபண்ட் தொகை: ஐடிஆர் ஸ்டோரியில். 24 மணி நேரத்தில் மறைய வேண்டியதை ஹைலைட்டில் வேற சேர்த்து வச்சிருந்தார்.
- கம்பெனி, சேர்ந்த மாசம்: லிங்க்ட்இனில் போட்ட ஆஃபர் லெட்டர் படத்தில்.
- மொபைல் நம்பர், பிறந்த தேதி: வேலை தேடின காலத்தில் பப்ளிக்கா போட்ட ரெஸ்யூமில்.

யாரும் எதையும் ஹேக் பண்ண வேண்டிய அவசியமே வரலை. தனித்தனியா பார்த்தா எதுவும் பெரிய ரகசியம் இல்லை. சேர்த்து வச்சா, கவர்மென்ட் ஆபீஸர் மாதிரி பேச ஒரு முழு ஸ்கிரிப்ட் ரெடி.

இந்தப் பதிவில் ஒண்ணே ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கணும்னா, இதை வச்சுக்கோங்க: உங்களைப் பற்றி சரியா சொல்றார் என்பதால் மட்டும் ஒருத்தர் உண்மையான அதிகாரி ஆகிட மாட்டார். அந்தத் தகவலை நீங்களே ஊருக்குச் சொல்லி வச்சிருக்கலாம்.

2018 ஜூலையில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அப்போ டிராய் தலைவரா இருந்த ஆர்.எஸ்.சர்மா, "முடிஞ்சா எனக்கு என்ன கெடுதல் பண்ண முடியும்னு காட்டுங்க" என்று தன் ஆதார் நம்பரை ட்விட்டரில் போட்டார். சில மணி நேரத்தில் அவரோட மொபைல் நம்பர், பிறந்த தேதி, முகவரி என்று ஒவ்வொண்ணா மக்கள் வெளியே போட ஆரம்பிச்சாங்க. தனக்கு எந்தப் பாதிப்பும் இல்லைன்னு அவர் சொன்னார். இதெல்லாம் ஆதார் டேட்டாபேஸில் இருந்து போனதில்லை, ஏற்கெனவே இணையத்தில் இருந்த தகவல்தான்னு ஆதார் ஆணையமும் சொன்னது. அதே சமயம், ஆதார் நம்பரைப் பொதுவெளியில் போடாதீங்க என்று மக்களுக்கு அறிவுறுத்தவும் செஞ்சது.

பிறந்தநாள்தான் பாஸ்வேர்ட்!

ஒரு ஆடிட்டரா நான் தினமும் பார்க்கிற விஷயம் இது. உங்க ஃபைனான்ஸ் டாக்குமென்ட்கள் எதுல பூட்டியிருக்குன்னு பாருங்க:

- ஏஐஎஸ் பிடிஎஃப்: பான் நம்பர் சின்ன எழுத்தில், அதோட பிறந்த தேதி. உங்க சம்பளம், வட்டி, டிவிடெண்ட், ஷேர் விற்பனை எல்லாம் உள்ளே இருக்கும்.
- இ-ஆதார் பிடிஎஃப்: பெயரின் முதல் 4 எழுத்து, அதோட பிறந்த வருஷம்.
- பல பேங்க்களின் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்: பெயரின் முதல் 4 எழுத்து, அதோட பிறந்த தேதியும் மாசமும்.

வாடகை வீட்டுக்காக புரோக்கருக்கு அனுப்பின ஃபைல், பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துட்டு அழிக்காம வந்த ஃபைல் எல்லாம் யாரோ ஒருத்தர்கிட்ட இருக்கும். 25-ஆவது பிறந்தநாள் கேக் போட்டோ, அதுக்குச் சாவி.

"பான் கார்டில் பாதியை மறைச்சுட்டுத்தான் போட்டேன்" என்பாங்க சிலர். பான் நம்பரின் 10 இடத்தில் நாலாவது எழுத்து தனிநபருக்கு எப்பவும் 'பி'. ஐந்தாவது, பான் பதிவில் இருக்கிற சர்நேமின் முதல் எழுத்து. நம்ம ஊர்ல பல பேருக்கு அது அப்பா பெயராத்தான் இருக்கும். ஆக ரெண்டு இடம் ஏற்கெனவே தெரிஞ்ச கதை. மறைக்கிறதா இருந்தா முழுசா மறைங்க. போடாமலே இருந்தா இன்னும் நல்லது.

சட்டம் காப்பாத்துமா?

2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தாங்க. அதன் 3-ஆவது பிரிவைப் படிச்சுப் பாருங்க. நீங்களே பொதுவெளியில் போட்ட தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. சோஷியல் மீடியாவில் தானே எழுதிப் போடுறவரைத்தான் சட்டமே உதாரணமா காட்டுது.

பேங்க் பக்கம் போனாலும் இதே சிக்கல்தான். 2017 ஜூலையில் ஆர்பிஐ போட்ட சுற்றறிக்கைப்படி, உங்க தப்பும் இல்லை, பேங்க் தப்பும் இல்லைன்னா, 3 வேலை நாளுக்குள்ள சொன்னால் நஷ்டம் உங்களுக்கு இல்லை. உங்க கவனக்குறைவால் போனதுன்னா, நீங்க பேங்க்குக்குச் சொல்ற வரைக்கும் ஆன நஷ்டம் உங்களோடது. அவரே ஆப் இன்ஸ்டால் பண்ணினதால் தம்பிக்கு அதுதான் ஆச்சு. வெட்கப்பட்டு மறுநாள் மத்தியானம்தான் 1930-க்குக் கூப்பிட்டார். அதுக்குள்ள பணம் பல அக்கவுண்ட் தாண்டிப் போயிருந்தது.

இன்னைக்கு ராத்திரி 15 நிமிஷம் ஒதுக்குங்க

1. லாக்-இன் பண்ணாம உங்க பெயரையும் கம்பெனி பெயரையும் சேர்த்துத் தேடுங்க. அந்நியர் கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு பாருங்க.
2. ஆஃபர் லெட்டர், பே-ஸ்லிப், ஐடிஆர், ஃபார்ம் 16, புது கிரெடிட் கார்டு, ஆபீஸ் ஐடி கார்டு, ஃப்ளைட் போர்டிங் பாஸ் போட்டோக்களை நீக்குங்க. ஹைலைட்டையும் மறக்காதீங்க.
3. பிறந்த வருஷத்தையும் மொபைல் நம்பரையும் எல்லா ப்ரொஃபைலிலும் மறைங்க. பப்ளிக் ரெஸ்யூமில் மெயில் ஐடி மட்டும் போதும்.
4. ஆதார் கேட்கிற இடத்தில், முடிஞ்ச வரைக்கும் கடைசி 4 எண் மட்டும் தெரியுற மாஸ்க்டு ஆதார் கொடுங்க. பயோமெட்ரிக்கை லாக் பண்ணி வைங்க.
5. வருஷத்துக்கு ஒரு தடவை இலவசமா கிடைக்கிற கிரெடிட் ரிப்போர்ட்டை எடுங்க. நீங்க வாங்காத கடன் உங்க பான் நம்பரில் இருக்கான்னு அதில் தெரிஞ்சிடும்.
6. ரீஃபண்ட் பற்றி யார் கூப்பிட்டாலும் கட் பண்ணிட்டு, இன்கம் டேக்ஸ் போர்ட்டலில் நீங்களே லாக்-இன் பண்ணிப் பாருங்க. ரீஃபண்ட், நீங்க முன்கூட்டியே சரிபார்த்து வச்ச அக்கவுண்டுக்கு நேரா வரும். அதுக்கு எந்த ஆப்பும் ஓடிபியும் தேவையில்லை.
7. பணம் போயிட்டா, முதல் போன் 1930-க்கு. அடுத்த போன் பேங்க்குக்கு. வீட்ல திட்டுவாங்களேன்னு யோசிக்கிறதெல்லாம் அப்புறம்.

முதல் சம்பளம், முதல் வேலை எல்லாம் கொண்டாட வேண்டிய விஷயம்தான். "வேலை கிடைச்சாச்சு" என்று உங்க முகத்தோட ஒரு போட்டோ போடுங்க, ஆயிரம் பேர் வாழ்த்தட்டும். பேப்பரை மட்டும் காட்டாதீங்க.

அந்த ஸ்டோரிக்கு ஹார்ட் போட்டதுக்குப் பதிலா, "தம்பி, உடனே அதை எடுங்க" என்று நான் ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கலாம். பத்து செகண்ட் வேலை. அவரோட 62,000 ரூபாய் மிஞ்சியிருக்கும். உங்க ஃபிரெண்ட் நாளைக்கு ஆஃபர் லெட்டர் போட்டால், லைக் போடுறதுக்கு முன்னாடி அந்த மெசேஜை நீங்க அனுப்புங்க.